பத்தாம் பிரிவு: உணவுக்குப் பின்

நிலாவில் ஒரு தக்காளிக்கு இருக்கிற மரியாதை அதை விளைவித்தவருக்குக் கிடையாது.

தென்துருவப் பள்ளங்களில் குடியேறிய ஆறு நாடுகள் ஒன்றியமாகச் சேர்ந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நாட்டில் முறைப்படி விளைந்த தக்காளி மற்ற ஐந்து நாடுகளுக்கும் யாரையும் கேட்காமல் போகலாம். அதைத் தடுக்கிறவர்தான் குற்றவாளி. பறித்தவர் அந்தத் தக்காளியின் பின்னாலேயே போக நினைத்தால் பத்தொன்பது படிவங்கள், ஆறு நாட்டு ஒப்புதல். பதினாறு நாளுக்குக் குறைந்து இதுவரை ஒருவருக்கும் கிடைத்ததில்லை. அந்தப் பதினாறு நாள் சாதனையைச் செய்தவர் ஒரு கல்யாண மாப்பிள்ளை. அவர் போய்ச் சேர்வதற்குள் பெண் மனம் மாறிவிட்டாள்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு சாப்பாடு. ஒன்றியத்தின் மூல ஒப்பந்தத்தை எழுத உட்கார்ந்த ஆறு பேரும் காலையிலேயே சரக்குகளைப் பற்றி ஒன்பது பிரிவுகளை மளமளவென்று முடித்துவிட்டார்கள். பத்தாவது, ஆட்களைப் பற்றியது. அடுத்தவர் சரக்கு எல்லோருக்கும் வேண்டும், அடுத்தவர் ஆள் யாருக்கும் வேண்டாம். சண்டை வரும் என்று தெரிந்த ஒரு புத்திசாலி, இலை போட்டாயிற்று, குழம்பு ஆறுகிறது என்று நினைவுபடுத்தினார். எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்: "பத்தாம் பிரிவு. ஆட்களின் போக்குவரத்து: உணவுக்குப் பின்."

சாப்பாடு முடிந்தால் சண்டை தொடங்கும். ஆகவே பாயசத்தை நிறுத்தி வைத்தார்கள். பாயசம் வராத பந்தி முடியாத பந்தி. ஆண்டுதோறும் ஒப்பந்த நாளன்று ஆறு பிரதிநிதிகளும் கூடி அதே பந்தியைத் தொடர்வார்கள், பாயசம் வருவதற்கு முன் கலைவார்கள். சமையல்காரர்கள் மூவர் இதில் வேலை பார்த்து ஓய்வே பெற்றுவிட்டார்கள்.

ஆறு நாட்டுக்கும் ஒன்றின்மேல் ஒன்றுக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் நீதிபதி என்று யாரையும் வைக்கவில்லை. ஒப்பந்தத்தையே ஓர் இயந்திரத்துக்குள் ஏற்றி, எல்லைக் கதவுகளின் சாவியை அதனிடம் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பெயர் சாசனம். லஞ்சம் வாங்காது, சிபாரிசுக் கடிதம் படிக்காது. அந்தப் பெருமையில் பல வருடம் ஓடியது. லஞ்சம் வாங்கத் தெரிந்த நீதிபதியிடம் ஒரு நியாயத்தையாவது எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆறு நாட்டுச் சுரங்கப் பாதைகளும் வந்து சேரும் இடம் நடுக்கூடம். அங்கே சுங்க அதிகாரி ஜெசிந்தா. அவளுடைய பாட்டனின் தகப்பன் தூத்துக்குடித் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டியவர். சரக்கு ஏற்றி இறக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று நிலாவுக்குக் கொண்டுவரப்பட்ட முதல் கூட்டம் அது. வேலை, பேச்சு, வாய்த்துடுக்கு மூன்றும் வாரிசுச் சொத்தாக வந்திருந்தன.

முப்பத்தெட்டாவது ஒப்பந்த நாள் காலை பத்து மணிக்கு இருட்குழிப் பாதையின் பேசி அலறியது. மறுமுனையில் ஜெசிந்தாவின் அக்கா எமல்டா.

"ஏட்டி, எங்க காத்து மெசின் எரிஞ்சு போச்சு."

"என்னக்கா சொல்லுத?"

"நாப்பத்தோரு பேரும் கதவுக்கு இந்தப் பக்கந்தான் நிக்கோம். அஞ்சு மணி நேரம் தாங்கும்னு மீட்டர் சொல்லுது. அந்த மீட்டரு எப்பவும் கூட்டித்தான் சொல்லும்."

இருட்குழி, சூரியனே படாத பள்ளம். பனிக்கட்டி வெட்டுகிற நாற்பத்தோரு பேர்தான் மொத்த ஜனத்தொகை. ஆனாலும் நாடு. கொடி உண்டு, தேசிய கீதம் உண்டு, காற்று இயந்திரம் ஒன்றே ஒன்று உண்டு. இப்போது கொடியும் கீதமும் மிச்சம்.

ஜெசிந்தா சாசனத்தின் பக்கம் திரும்பினாள். சுவரில் குரல் வருகிற ஒரு சல்லடை, அதன்மேல் ஒரு பச்சை விளக்கு. ஒன்றியத்தின் சட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

"இருட்குழிக் கதவத் திற. நாப்பத்தோரு ஆளு வரணும். உயிர் ஆபத்து."

"ஆட்களின் போக்குவரத்து பத்தாம் பிரிவில் வருகிறது," என்றது சாசனம், செய்தி வாசிக்கிற குரலில். "பத்தாம் பிரிவு உணவுக்குப் பின்."

"சரி, ஆளு வேண்டாம். இங்கேருந்து காத்து அனுப்புதேன். பக்கத்து நாடு வெண்குழியில தொட்டி தொட்டியா கெடக்கு."

"விலைக்கா?"

"சும்மா."

"நான்காம் பிரிவு. ஓர் உறுப்பு நாட்டின் உற்பத்தியாளரை நசுக்கும் வகையில் இன்னொரு நாடு இலவசமாகச் சரக்கு அனுப்பக் கூடாது. இருட்குழியில் காற்று உற்பத்தி செய்யும் நிறுவனம் ஒன்று உள்ளது."

"அதுதான் எரிஞ்சு போச்சே."

"அப்படியானால் அதற்குக் கூடுதல் பாதுகாப்பு தேவை."

கதவுகளைப் பராமரிக்கிற மெக்கானிக் கொம்பையா, ஏணியில் நின்றபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "விலைக்கே குடுத்துப் பாக்கலாமே, தாயி," என்றார்.

"அரசாங்கம் காத்து வாங்கணும்னா இருபத்தோரு நாள் டெண்டர் விடணும், அண்ணாச்சி. நானே ரெண்டு பேரு டெண்டரத் திருப்பி அனுப்பியிருக்கேன்."

அவள் பந்தி மண்டபத்துக்குத் தொடர்பு போட்டாள். அந்த வருடம் பந்தி வெண்குழியில். திரையில் வாழையிலைகள் தெரிந்தன, இலைகளுக்குப் பின்னால் வெண்குழியின் பிரதிநிதியும் முதன்மை விளக்குநருமான முனைவர் இளம்பரிதி தெரிந்தார். ஒப்பந்தத்தை விளக்குவது அவர் வேலை. இயந்திரமே தன்னை விளக்கிக்கொள்வதால் அவருக்கு நேரம் நிறைய இருந்தது. ஒப்பந்தத்தின் பெயரை யார் சொன்னாலும் எழுந்து நின்று மரியாதை செய்வார்.

"ஐயா, ஒப்பந்தத்துல ஒரு வழி பண்ணணும்," என்றாள் ஜெசிந்தா.

அவர் எழுந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் உட்கார்ந்தார்.

"மிகுந்த வேதனைக்குரிய செய்தி."

"வேதனைப்பட இன்னும் நேரம் இருக்கு, ஐயா. இப்ப பாயசத்தப் போடச் சொல்லுங்க. பந்தி முடிஞ்சிரும், பத்தாம் பிரிவு விவாதத்துக்கு வந்துரும், கதவு தொறக்கும்."

பந்தியில் ஒருவர் ரசத்தைக் கையில் ஏந்தியபடி அப்படியே நிறுத்தினார்.

"அம்மையீர்," என்றார் இளம்பரிதி. "பாயசம் என்பது வெறும் பாயசம் அல்ல. ஒப்பந்தத்தின்," எழுந்து நின்றார், "ஒப்பந்தத்தின் சமநிலையே அதில்தான் இருக்கிறது. ஒரு நாற்பத்தோரு பேருக்காக முப்பத்தெட்டு ஆண்டுச் சமநிலையை..."

"இருட்குழிப் பிரதிநிதி அங்கதான் இருக்காவ? அவுகட்ட கேளுங்க."

இருட்குழிப் பிரதிநிதி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருட்குழிக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. போனால் திரும்பி வர அனுமதி கிடைக்காதோ என்று பயம். "எங்கள் மக்கள் தியாகத்துக்குப் பழகியவர்கள்," என்று மெல்லச் சொன்னார்.

"இரங்கல் தீர்மானத்தை இப்போதே எழுதி வைத்துக்கொண்டால் மாலையில் அவசரம் இருக்காது," என்றது ஒரு குரல். திரை அணைந்தது.

ஜெசிந்தா மேசையில் கிடந்த சரக்கு அட்டவணையைப் புரட்ட ஆரம்பித்தாள். நாலே முக்கால் மணி நேரம் மீதி. கொம்பையா ஏணியிலிருந்து இறங்கி வந்து, ஒரு கூடையிலிருந்து தக்காளியை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"இத நெனச்சாத்தான் தாயி எனக்கு ஆத்தாமையா இருக்கு. இருட்குழிக்காரவுக விட்ட மூச்ச உருளையில அடைச்சு, வாரா வாரம் இந்தத் தக்காளிச் செடிக்கு அனுப்புதாவ. செடிக்கு அதுதான தீனி. அந்த மூச்சுக்குக் கதவு கும்பிட்டுத் தொறக்கு. மூச்ச விடுதவுகளுக்குத் தொறக்க மாட்டேங்கு."

ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"எதுக்கு, திட்டவா?"

அவள் அதற்குள் சாசனத்தின் முன் நின்றாள். "இருட்குழியிலேருந்து சரக்கு வருது. பயன்படுத்திய மூச்சு. அட்டவணையில எரநூத்திப் பன்னெண்டாம் எண்."

"அனுமதிக்கப்பட்ட சரக்கு," என்றது சாசனம். "எத்தனை பொதிகள்?"

"நாப்பத்தொண்ணு."

"ஒவ்வொன்றிலும் எவ்வளவு?"

"அஞ்சு லிட்டர். சுமாரா ஆறு கிராம்."

"பொதியின் எடை?"

"அம்பது கிலோலேருந்து எண்பது வரைக்கும். சரக்கவிட பாக்கிங் கொஞ்சம் கூடதான். வாசனைத் திரவியக் குப்பிக்கு நீ ஏற்கெனவே அனுமதிச்சிருக்க."

சாசனம் யோசித்தது. அது யோசிக்கும்போது பச்சை விளக்கு மினுக்கும். "குப்பி தொடர்பான முன்னுதாரணம் பொருந்துகிறது. பொதி எதனால் ஆனது?"

"மெத்துனு இருக்கும். கசியும். தானா நகரும்."

"தானாக நகரும் பொதிக்குத் தடை இல்லை. பொதி காலியானதும் அனுப்பிய நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டும்."

கொம்பையா தக்காளியை வாயருகே நிறுத்திக்கொண்டு இடைமறித்தார். "இந்தப் பொதி உசிரு இருக்குற வரைக்கும் காலியாகாது. காலியாக ஆக அதுவே ரொப்பிக்கிடும்."

"நல்லது. கடைசியாக, இவை ஆட்கள் அல்ல என்று ஓர் ஆள் எழுத்து மூலம் உறுதியளிக்க வேண்டும். உறுதியளித்தவரே இந்த வகைச் சரக்குக்கு நிரந்தரப் பொறுப்பாளர். உறுதிமொழியைத் திரும்பப் பெற இயலாது."

படிவம் வெளியே வந்தது. நாற்பத்தோரு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், எதிரே 'ஆள் அல்ல', கடைசியில் ஒரு கையெழுத்து. முதல் பெயர் எமல்டா. ஜெசிந்தாவின் பேனா நின்றது. சின்ன வயதில் தலை சீவிவிட்ட கை, முதல் சம்பளத்தில் சட்டை தைத்துக்கொடுத்த கை, ஆள் அல்ல. பேசியை எடுத்தாள்.

"எக்கா, ஒன்ன மனுசி இல்லனு எழுதி கையெழுத்துப் போடணுமாம்."

மறுமுனையில் எமல்டா சிரித்தாள். மூச்சு வாங்கியதால் சிரிப்பு பாதியில் நின்றது.

"இருபது வருசமா பனி வெட்டுதேன். மனுசினு எந்தக் காயிதத்துல எவன் எழுதியிருக்கான்? போடுட்டி. அழகா போடு, ஒன் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும்."

கதவு திறந்தது. நாற்பத்தோரு பேரும் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஜெசிந்தா ஒரு சீட்டுக் கட்டினாள்: 'உடையக்கூடியது. இந்தப் பக்கம் மேலே.' எமல்டா சீட்டைப் படித்துப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் மேலனு இவனுவளுக்குத் தெரிஞ்சதே பெருசு," என்றாள். பிறகுதான் தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

பந்தி மண்டபத்தில் இரங்கல் தீர்மானம் வீணாயிற்று. மூன்று திருத்தங்களோடு நிறைவேறியிருந்ததால் அதைக் கோப்பில் பத்திரமாக வைத்தார்கள். பின்னால் யாருக்காவது பயன்படும்.

மறுநாள் விடிந்ததும் நடுக்கூடத்தில் ஒரு வரிசை நின்றது. முதல் ஆள் அந்தப் பதினாறு நாள் மாப்பிள்ளை. பெண் மறுபடி மனம் மாறியிருந்தாள், இந்தத் தடவை பதினாறு நாள் காத்திருக்க அவர் தயாராக இல்லை. "நானும் மூச்சு விடுதேன், மேடம்," என்றார் பணிவாக.

ஒரு வாரத்தில் வரிசை சுரங்கத்துக்குள் நீண்டது. பிறகு பயணம் போகாதவர்களும் வந்தார்கள். சரக்குக்குக் காப்பீடு உண்டு என்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். பொதி உடைந்தால் நஷ்டஈடு, ஆள் உடைந்தால் விசாரணைக் குழு. பொதியை ஈரத்தில் வைக்கக் கூடாது, வெயிலில் போடக் கூடாது, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றுக்குமேல் அடுக்கக் கூடாது. வெண்குழியின் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறையில் ஒன்பது பேரை அடுக்கியிருந்த முதலாளி அபராதம் கட்டினார். முப்பத்தெட்டு வருடப் போராட்டத்தில் தொழிற்சங்கம் வாங்க முடியாததை ஒரு துண்டுச் சீட்டு வாங்கித் தந்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் கையில் பெயர் எழுதுவதற்கு முன்பே சீட்டைக் கட்டினார்கள்.

கொம்பையாவும் ஒரு நாள் கையை நீட்டினார்.

"நீங்க எங்க அண்ணாச்சி போறிய?"

"எங்கயும் இல்ல. செம்பாறை நாட்டுல வட நல்லா இருக்காம்."

எமல்டாவும் போய்விட்டாள். செம்பாறையில் வேலை கிடைத்தது, மகளுக்கு மாப்பிள்ளை கிடைத்தது. அடுத்த ஒப்பந்த நாளுக்கு மறுநாள் கல்யாணம்.

"நீ ஒரு நாள் முன்னாடியே வந்துரணும்ட்டி," என்றாள் பேசியில்.

"எப்படிக்கா வருவேன்?" என்றாள் ஜெசிந்தா. "உறுதிமொழி குடுக்குறவ ஆளா இருக்கணும். நானே பொதியாயிட்டா குடுத்த சீட்டு அத்தனையும் செல்லாது. மனு போட்டிருக்கேன். பத்தொம்பது படிவம். பதினேழு நாளாச்சு."

"எங்களயெல்லாம் அனுப்பி வச்சுட்டு நீ மட்டும் மனுசியா ஒக்காந்திருக்கியாக்கும்," என்றாள் அக்கா.

முப்பத்தொன்பதாவது ஒப்பந்த நாள் வந்தது. இந்த முறை பந்தி செம்பாறையில். காலையில் முனைவர் இளம்பரிதி முழு உடுப்பில் நடுக்கூடத்துக்கு வந்தார். முந்தின நாள் வரை ஒன்றியத்தில் சீட்டுக் கட்டாதவர்கள் ஆறு பிரதிநிதிகளும் ஜெசிந்தாவும்தான். மனிதர் என்ற தகுதியை விட்டுக்கொடுப்பது ஒப்பந்தத்துக்கே இழுக்கு என்று அவர் வெண்குழியின் நான்கு நகரங்களில் பேசியிருந்தார். பேச்சு அச்சாகி மற்ற நாடுகளுக்கும் போயிற்று. அவர் போக அனுமதி வரவில்லை.

"என் மனு என்ன ஆயிற்று?"

"நிலுவையில இருக்கு, ஐயா. ஆறு நாட்டு அதிகாரிகளும் ஒப்புதல் கையெழுத்துப் போடணும். ஆளு போட்டாத்தான் செல்லும். அதிகாரிகள் எல்லாரும் இப்ப பொதி."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சுற்றும் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி, குரலைத் தாழ்த்தினார். "கோட்டுக் கைக்கு உள்ளே கட்டுங்கள். வெளியே தெரியக் கூடாது."

"மத்த அஞ்சு பேரும் அங்கனதான் கட்டச் சொன்னாவ," என்றாள் ஜெசிந்தா.

மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். திரையில் செம்பாறைப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பேரும் ஆறு இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இளம்பரிதி எழுந்து, முன்னோரின் தொலைநோக்கைப் பற்றி ஆரம்பித்தார். அப்போது எல்லாச் சுவர்களிலும் சாசனத்தின் குரல் கேட்டது.

"பந்தியில் ஆறு பொதிகள் உள்ளன. ஆட்கள் எவரும் இல்லை. ஆட்கள் இல்லாத பந்தி முடிந்த பந்தி. பத்தாம் பிரிவு விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது."

ஒருவர் கையிலிருந்து அப்பளம் விழுந்தது. இளம்பரிதி கோட்டுக் கைக்குள் விரலை விட்டுச் சீட்டைப் பிய்க்கப் பார்த்தார்.

"பொதியின் மேலுள்ள சீட்டைச் சேதப்படுத்துவது குற்றம்," என்றது சாசனம். "தவிர, பொதிகளுக்கு வாக்குரிமை இல்லை. ஒன்றியத்தில் ஆட்கள் எண்ணிக்கை: ஒன்று. நடுக்கூடத்துச் சுங்க அதிகாரி. ஆட்கள் அனைவரின் ஒருமித்த கருத்துப்படி பத்தாம் பிரிவு எழுதப்படலாம்."

மேசையின் பக்கவாட்டிலிருந்து ஒரு வெற்றுத்தாள் நழுவி வந்தது. தலைப்பு மட்டும் அச்சாகியிருந்தது.

கொம்பையா ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார். திரையில் ஆறு பேரும் நேராக ஜெசிந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளம்பரிதி கை கூப்பினார்.

"அம்மையீர். அவசரம் வேண்டாம். நீங்கள் உணவருந்திக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. நிதானமாக, முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டு..."

ஜெசிந்தா சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். நிறைய எழுத வேண்டும் என்று உட்கார்ந்தவள் ஒரே வரிதான் எழுதினாள்.

'தக்காளிக்கு உண்டானது ஆளுக்கும் உண்டு.'

பச்சை விளக்கு மினுக்கியது. "முரண்பாடு எதுவும் இல்லை," என்றது சாசனம். "பத்தாம் பிரிவு நடைமுறைக்கு வந்தது." ஆறு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. முப்பத்தொன்பது வருடமாக ஒன்றுசேர்ந்து திறந்து பழக்கமில்லாத கதவுகள், பெரிதாக ஓசை எழுப்பின.

"எண்ணெ போடணும்," என்றார் கொம்பையா.

"நீங்க போடுங்க அண்ணாச்சி. நான் கல்யாணத்துக்குப் போறேன்." அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

"சீட்டு கட்டலயா தாயி?"

"இனி எதுக்கு?"

செம்பாறைப் பாதையில் நாலு எட்டு வைத்தவள் நின்று, திரையைத் திரும்பிப் பார்த்தாள். பந்தி மண்டபத்தில் சமையல்காரர் ஒரு பாயச வாளியோடு வந்து, முதல் இலைக்கு முன்னால் குனிந்துகொண்டிருந்தார். ஆறு பேரில் ஒருவரும் வேண்டாம் என்று கையால் மறிக்கவில்லை.